பின்னாலை வாற வண்டி

நீர்வேலி
14.01.2024

அன்பின் அக்காவுக்கு,

நான் சுகமாய் வந்து சேந்திட்டன். அப்பா, அம்மா ரெண்டு பேரும் நல்ல சுகம். உங்கை குளிர் எப்பிடி? பள்ளிக்கூடக் குசினியிலை ஈரத்துக்கை நிண்டு வேலை செய்யேக்கை கால் உளையுது எண்டனீங்கள். இப்ப பறவாயில்லையோ?

டொக்டர் சொன்னது ஞாபகம் இருக்குத்தானே. போன் திரை, ரீவி ஒண்டும் பாக்கப்படாது. போனைக் காதிலை வைச்சாலும் உள்ளுக்கை வண்டு இரையிற மாதிரிக் கிடக்கு. அதாலைதான் கடிதம். பதின்மூண்டு வயசிலை உங்களிட்டைப் பாரிசுக்கு வந்தபிறகு நான் தமிழிலை இவ்வளவு எழுதினதில்லை. பிழை கிடந்தால் சிரியாதேங்கோ.

இஞ்சை எனக்கு முதல் மருந்து சத்தமில்லாததுதான். விடிய வாழைத் தோட்டத்துக்கை போய் நிண்டால் இலையிலையிருந்து தண்ணி சொட்டுறதுதான் கேக்கும். அப்பா குலை வெட்டுவார், நான் சருகு கழிப்பன். அறுபத்தெட்டு வயசிலும் அந்த மனிசன் தன்ரை பட்டா லொறியிலை குலையை ஏத்திக்கொண்டு தானே சுன்னாகச் சந்தைக்கு ஓடுறார். அம்மா மூண்டு நேரமும் என்னை இருத்தி வைச்சுத் தின்னத் தாறா.

சொந்தக்காரர் வந்து, "பிரான்சிலை சைக்கிள் ஓடிச் சம்பளம் எடுக்கிறவன் இவன்தானோ?" எண்டு பாத்திட்டுப் போகினம். பன்னிரண்டு வருசம் அதுதான் என்ரை தொழில் எண்டதை அவையாலை நம்பேலாமல் கிடக்கு. விழுந்த கதையையும் கேக்கினம். புரட்டாதியிலை பிரான்சின்ரை மேற்கிலை, பிரித்தானிப் பக்கம் நடந்த ஓட்டத்திலை விழுந்தனான், மூளை குலுங்கிப்போச்சு, ஓய்வெடுக்கச் சொன்னவை எண்டு ஒரே பாட்டாய்ச் சொல்லிவிடுறன்.

நாளைக்குப் பொங்கல். உங்களுக்கும் சேத்துப் பானை வைப்பம்.

அன்புடன்,
தம்பி சுபாங்கன்

*

லா கூர்னேவ்
06.02.2024

அன்புள்ள தம்பி சுபாங்கனுக்கு,

உன்ரை கடிதம் கிடைச்சுது. தபால்காரன் தந்த உடனை படியிலையே இருந்து வாசிச்சன். பிழை கிடந்ததுதான். "குளிர்" எண்டதுக்கு எந்த ளகரம் எண்டு மூண்டு தரம் வெட்டி வெட்டி எழுதியிருக்கிறாய். நான் சிரிக்கேல்லை.

நான் நல்ல சுகம். கால் உளைவு இருக்குத்தான், அது என்னோடை குடியிருக்குது. உனக்குத் தலைச்சுத்து எப்பிடி? நித்திரை வருதோ? வெளிச்சம் பாக்கக் கண் கூசுதோ? ஒண்டும் எழுதேல்லை.

உன்ரை அணியிலையிருந்து மனேச்சர் போன் எடுத்தவர். சித்திரைக்குப் பிறகு ஓடுவாயோ எண்டு கேட்டார். டொக்டரைக் கேட்டுச் சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டன். உன்ரை அறை நீ விட்டமாதிரியே கிடக்கு. கிழமைக்கு ஒருக்கால் தூசு தட்டி, யன்னலைத் திறந்து விடுறன். அத்தான் கண்ணை மூடினபிறகு இந்த வீட்டிலை ஒரு யன்னலையாவது திறக்கிற வேலை எனக்கு வேணும்.

அப்பாவைக் குலை தூக்க விடாதை. அம்மாவிட்டை நான் அனுப்பின சால்வை கிடைச்சதோ எண்டு கேள்.

உடம்பைக் கவனி.

உன்ரை அக்கா
சுவர்ணா

*

நீர்வேலி
03.03.2024

அன்பின் அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். சால்வை கிடைச்சுது. அம்மா இந்த வெயிலுக்கை அதைப் போத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்தவ. நீங்கள் சுகமாய் இருக்கிறியள் எண்டு நம்புறன்.

இந்த மாதம் இதரை வாழைக்கு நல்ல விலை எண்டு அப்பா சந்தோசமாய் இருக்கிறார். நானும் அவரோடை சுன்னாகம் போறனான். அங்கை வெங்காய மணத்துக்கை நிண்டால் தலையிடி கூடக் கொஞ்சம் குறையுது.

போன கிழமை ஒரு பிள்ளை வீடு தேடி வந்தாள். பேர் ஜெசிதா. குருநகர் ஆள், இருபத்தேழு வயசு, யாழ்ப்பாணத்திலை ஒரு பாமசியிலை வேலை. அவளும் இன்னும் நாலு பெண்களும் சேந்து ஒரு சைக்கிள் அணி வைச்சிருக்கினமாம். வேலைக்குப் போக முன்னம் விடியப் பயிற்சி. ஆனி மாதம் மாங்குளத்திலை தொடங்கி யாழ்ப்பாணத்திலை முடியிற பெண்கள் ஓட்டம் ஒண்டு இருக்காம்.

"நீங்கள் எங்கடை அணிக்குப் பொறுப்பாய் வரவேணும்," எண்டாள்.

"கோச்சாகவோ?" எண்டு கேட்டன்.

"பழகிறது நாங்களே பழகுவம். ஓட்டத்துக்கை என்ன செய்யிறது எண்டுதான் எங்களுக்குத் தெரியாது. வேகமாய் ஓடுறம், கடைசியிலை ஆரோ எங்களுக்குப் பின்னாலை ஒளிச்சு வந்து வெண்டிட்டுப் போகினம்."

அவளுக்குத் தேவை டிரெக்டர். பின்னாலை வண்டியிலை வந்து, எப்ப பொறுக்கிறது, எப்ப வெளிக்கிடுறது எண்டு சொல்லுற ஆள். கேள்வி சரியான கேள்விதான். ஆனால் நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். எனக்கு ஓய்வு வேணும். அம்மா குடுத்த தேத்தண்ணியைக் குடிச்சிட்டு, "யோசிச்சுப் பாருங்கோ அண்ணை," எண்டு போட்டாள்.

மழை இல்லை. கிணத்திலை தண்ணி கொஞ்சம் இறங்கியிருக்கு.

அன்புடன்,
சுபாங்கன்

*

லா கூர்னேவ்
27.03.2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமாய் இருக்கவேணும்.

உன்ரை ரெண்டு கடிதத்தையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுத் திருப்பி வாசிச்சன். வாழை இருக்கு. வெங்காயம் இருக்கு. கிணத்துத் தண்ணி இருக்கு. சொந்தக்காரர் சைக்கிளைப் பற்றிக் கேட்டதும் இருக்கு, ஒரு பிள்ளை சைக்கிள் ஓடுறதும் இருக்கு. நீ சைக்கிளிலை ஏறினது எண்டு ஒரு வரி இல்லை.

பதினாலு வயசிலை பழைய சைக்கிள் ஒண்டைத் திருத்தி எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரையாலை ஓடத் தொடங்கினனி. காய்ச்சல் எண்டாலும், பனி கொட்டினாலும் ஒரு நாள் ஓடாமல் இருந்ததில்லை. கலியாண வீட்டுக்கும் சைக்கிளிலை வந்து என்னட்டைப் பேச்சு வாங்கினனி. அப்பிடிப்பட்டவன் மூண்டு மாதமாய் வாழைச் சருகு கழிக்கிறான் எண்டால் என்ன அர்த்தம்?

போனிலை கேட்டால் "சுகம் அக்கா" எண்டு சொல்லி முடிச்சிருப்பாய். கடிதத்திலை அப்பிடி ஓடேலாது. உள்ளதை எழுது. நான் அழமாட்டன். அழுதாலும் உனக்குத் தெரியப்போறதில்லை.

அக்கா
சுவர்ணா

*

நீர்வேலி
20.04.2024

அன்பின் அக்காவுக்கு,

அம்மா, அப்பா சுகம். நான் சுகம் எண்டு இந்த முறை எழுதேல்லை.

வந்த மூண்டாம் நாளே அப்பாவின்ரை பழைய சைக்கிளிலை ஏறினன். கோப்பாய்ப் பக்கம் போகேக்கை, பின்னாலை பஸ் வருகுதோ எண்டு தலையைத் திருப்பினன். அவ்வளவுதான். றோட்டு எழும்பி என்ரை மேலை வந்தமாதிரி இருந்தது. தோட்டத்துக்குத் தண்ணி ஓடுற கானுக்கை கிடந்தன். உழவு மெசினிலை வந்த ஒரு ஐயா தூக்கி விட்டார். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, சறுக்கிப்போச்சு எண்டு அம்மாவுக்குச் சொன்னன். மாசியிலை இன்னொருக்கால் ஏறிப் பாத்தன், அதே கதை.

யாழ்ப்பாணத்திலை ஒரு நிபுணரிட்டைக் காட்டினன். காதுக்குள்ளை உடம்பை நேராய் வைச்சிருக்கிற நரம்பு பழுதாம். நடக்கலாம், தோட்டம் செய்யலாம். ஓட்டம் இனி இல்லை எண்டார். வெளியிலை வந்து பஸ் நிலையத்திலை கனநேரம் இருந்தன். எந்த பஸ்சிலை ஏறுறது எண்டு தெரியேல்லை. எனக்கு வேறை ஒரு தொழிலும் தெரியாதே அக்கா.

அம்மாவுக்குச் சொல்லேல்லை. அப்பாவுக்கும் சொல்லேல்லை, ஆனால் அவருக்கு விளங்கியிருக்கு. ஒரு சனிக்கிழமை விடிய, குலை ஏத்தின பட்டாவிலை என்னையும் ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டவர், சுன்னாகம் போகாமல் மற்றப் பக்கம் திருப்பினார்.

"எங்கை போறியள்?" எண்டு கேட்டன்.

"சும்மா," எண்டார்.

கோப்பாயிலையிருந்து கைதடிக்குப் போற வெட்டவெளியிலை ஜெசிதாவின்ரை அந்த அஞ்சு பிள்ளையளும் சைக்கிள் ஓடிக்கொண்டு நிண்டினம். அப்பா அவைக்குப் பின்னாலை மெதுவாய் ஓடினார். பக்கத்தாலை நல்ல காத்து. பிள்ளையள் ஒருத்திக்குப் பின்னாலை ஒருத்தியாய் ஓடி, எல்லாரும் ஒரேயளவு காத்தைக் குடிச்சுக் களைச்சுக்கொண்டு வந்தினம். எனக்குப் பொறுக்கேலாமல் போச்சு. தலையை வெளியிலை நீட்டி, "பின்னாலை நில்லாதேங்கோ, காத்துப் படாத பக்கமாய்ச் சரிஞ்சு நில்லுங்கோ. றோட்டுக்குக் குறுக்காலை ஒரு சரிவுக் கோடு மாதிரி," எண்டு கத்தினன். மூண்டாம் தரம் பிடிச்சிட்டினம். அஞ்சு பேரும் ஒரு ஆளாய் ஓடின மாதிரி இருந்தது. அந்த நேரம் தலைச்சுத்து இருந்ததோ இல்லையோ எண்டு எனக்கு ஞாபகமில்லை.

மனேச்சருக்கு நானே எழுதிப்போட்டன். இனி ஓடமாட்டன். ஜெசிதாவுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன். நான் இஞ்சையே நிக்கப்போறன் அக்கா.

சுபாங்கன்

*

நீர்வேலி
25.05.2024

அன்பின் அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்களிட்டையிருந்து ஒரு மாதமாய்க் கடிதமில்லை. அம்மா போன் எடுத்தால் நல்லாய்த்தான் கதைக்கிறியளாம். எனக்கு மட்டும் எழுதிறியள் இல்லை.

ஓட்டம் வாற மாதம் இருபத்திமூண்டாந் திகதி. எங்களுக்கு வண்டி அப்பாவின்ரை பட்டாதான். ஓட்டம் நடத்துறவை முதலிலை சிரிச்சிட்டுப் பேந்து விட்டிட்டினம். குலை ஏத்துற பெட்டியிலை உதிரிச் சில்லுகளும் தண்ணிப் போத்தலும். தின்ன எங்கடை கதலி.

நான் எழுதினது உங்களுக்குக் கோவமெண்டால், கோவமெண்டாவது எழுதுங்கோ.

சுபாங்கன்

*

லா கூர்னேவ்
18.06.2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகமாய்த்தான் இருக்கிறன். உன்ரை கடிதத்தை வாசிச்சுப்போட்டுக் குசினி லாச்சிக்கை வைச்சிட்டன். கரண்டி எடுக்கத் திறக்கிற நேரமெல்லாம் அது என்னைப் பாத்தது.

கோவம்தான். நீ விழுந்ததை மறைச்சதுக்கு இல்லை, அது உன்ரை குணம். நீ திரும்பி வருவாய் எண்டு நானாய் நினைச்சு வைச்சிருந்ததுதான் பிழைச்சுப்போச்சு. பின்னேரம் வேலையாலை வந்தால் படியிலை உன்ரை சப்பாத்துச் சத்தம் கேக்கும் எண்டு ஒரு நினைப்பு. "வா" எண்டு நான் ஒருநாளும் எழுதேல்லை. எழுதியிருந்தால் நீ வந்திருப்பாய். அது சரியில்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன்ரை அறையை ஒதுக்கினன். தையல் மெசினை யன்னலடியிலை போட்டிருக்கிறன். வெளிச்சம் நல்லாய் வருது. பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சட்டையும் தைச்சுக் குடுத்திட்டன். இதை எழுதுறது உன்னை நோகடிக்க இல்லை. நான் சமாளிக்கிறன் எண்டு நீ அறியவேணும்.

ஓட்டம் நல்லபடி நடக்கட்டும். அப்பாவை வேகமாய் ஓட விடாதை.

அக்கா
சுவர்ணா

*

நீர்வேலி
28.06.2024

அன்பின் அக்காவுக்கு,

உங்கடை கடிதம் இன்னும் வரேல்லை. பறவாயில்லை. எனக்கு ஆருக்காவது சொல்லவேணும், உங்களை விட்டால் ஆர்?

ஓட்டம் முடிஞ்சுது. நாங்கள் வெல்லேல்லை. அது பெரிசில்லை. நடந்ததைச் சொல்லுறன்.

அண்டைக்குச் சோளகக் காத்து நல்லாய்ப் பிடிச்சிருந்தது. கொழும்பிலையிருந்து வந்த அணியிலை எல்லாரும் எங்கடை ஆக்களைவிடப் பலசாலியள். பரந்தன் வருமட்டும் பொறுத்திருங்கோ, ஆனையிறவிலை உப்பு வெளி தெரியத் தொடங்க முன்னுக்குப் போங்கோ எண்டு சொல்லி வைச்சிருந்தன். அங்கை இடப்பக்கத்தாலை காத்து அடிக்கும், மறைக்க ஒரு மரமில்லை. சொன்னமாதிரியே செய்தினம். எங்கடை அஞ்சும் சரிவாய் நிண்டு இழுத்தினம். பின்னாலை வந்தவைக்கு ஒதுங்க இடமில்லை, றோட்டுக் கரையிலை வரிசையாய் நீண்டு அறுந்து போச்சினம். "உதென்ன, கோழிக்குஞ்சு மாதிரிச் சிதறுதுகள்," எண்டார் அப்பா.

கொடிகாமம் வரேக்கை முன்னாலை மூண்டே பேர். ஜெசிதாவும் கொழும்புப் பிள்ளையள் ரெண்டு பேரும். அந்த ரெண்டு பேரும் களைச்சிட்டினம். ஜெசிதாவுக்கு இன்னும் காலிலை பலம் இருந்தது. வெல்லப்போறாள் எண்டு எனக்குத் தெரியும்.

சாவகச்சேரி கடந்து கொஞ்சத் தூரத்திலை மாடு ஒண்டு குறுக்கை வந்தது. மற்ற ரெண்டு பேரும் சைக்கிளை வெட்டித் திருப்பிக்கொண்டு போட்டினம். இவள் தலை அடிபட விழுந்தாள். நாங்கள் போய் நிக்க முன்னம் எழும்பி, சைக்கிளைத் தூக்கிக் காலும் போட்டிட்டாள். ஹெல்மெட் வெடிச்சிருந்தது. ரத்தமில்லை. முகத்திலை ஒரு காயமில்லை.

"எனக்கு ஒண்டுமில்லை அண்ணை, தள்ளி விடுங்கோ," எண்டாள்.

நான் ஹாண்டிலைப் பிடிச்சுக்கொண்டு, "இது எந்த ஊர் எண்டு சொல்லும்," எண்டன்.

"பளை."

பளை கடந்து எவ்வளவு தூரம் வந்திட்டம். அவளின்ரை கண் என்னைப் பாத்தது, ஆனால் என்னிலை நிக்கேல்லை.

"உமக்கு ஓட்டம் முடிஞ்சுது. வண்டியிலை ஏறும்."

அவள் கத்தினாள். "நான் வெண்டிட்டன், என்னை விடுங்கோ," எண்டு கையாலை என்ரை நெஞ்சிலை குத்தினாள். றோட்டிலை நிண்ட சனமும் என்னைத்தான் பேசிச்சுது. "பிள்ளை எழும்பி நிக்குது, ஏன் மறிக்கிறாய்?" எண்டு ஒருத்தர். அப்பா சைக்கிளை அவளின்ரை கையிலையிருந்து வாங்கிப் பெட்டியிலை ஏத்தினார். நேரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனம். மூளை குலுங்கியிருக்கு, படுக்கையிலை வைச்சுப் பாக்கவேணும் எண்டினம். இப்ப வீட்டிலை இருக்கிறாள். எங்கடை அணியிலை தனுசியா எண்ட பிள்ளை நாலாவதாய் வந்தாள்.

ஜெசிதா என்னோடை கதைக்கிறாள் இல்லை. அணிக்கு வரமாட்டன் எண்டு சொல்லி விட்டிருக்கிறாள். கையிலை கிடந்த வெற்றியைத் தட்டிப் பறிச்சவன், தான் விழுந்த பயத்தை மற்றவையிலை காட்டிறான் எண்டு ஊரிலை கதை. அக்கா, அந்தக் கதையிலை உண்மை இருக்கோ எண்டுதான் யோசிக்கிறன். அண்டைக்கு நான் நிப்பாட்டினது அவளையோ, என்னையோ?

சுபாங்கன்

*

லா கூர்னேவ்
20.07.2024

அன்புள்ள தம்பிக்கு,

எனக்குச் சுகம். அந்தப் பிள்ளைக்கு எப்பிடி? அவளுக்கு வெளிச்சம் படாமல் இருக்கச் சொல்லு. போனைப் பறிச்சு வைக்கச் சொல்லு, அவளின்ரை தாய்க்கு நீயே போய் விளங்கப்படுத்து.

நீ கேட்டதுக்கு நான் ஒண்டு சொல்லுறன். உனக்கு இதுவரை சொல்லாதது.

புரட்டாதியிலை நீ விழேக்கை நான் ரீவிக்கு முன்னாலை இருந்தனான். வேலைக்கு லீவு போட்டிட்டு, வடையும் சுட்டு வைச்சுக்கொண்டு இருந்தனான். நீ றோட்டுக் கரைக் கல்லிலை அடிபட்டு விழுந்தாய். ஆரோ ரெண்டு பேர் உன்னைத் தூக்கிச் சைக்கிளிலை இருத்தித் தள்ளிவிட்டினம். ரீவியிலை கதைக்கிறவன் உன்னை வீரன் எண்டான். கரையிலை நிண்ட சனம் கைதட்டினது. நீ றோட்டின்ரை ஒரு கரையிலையிருந்து மற்றக் கரைக்குப் போய்ப் போய் ஓடினாய், நாற்பது கிலோமீற்றர். நான் ரீவியைப் பாத்து, "உவனை நிப்பாட்டுங்கோ," எண்டு கத்தினன். தமிழிலை. ஆருக்குக் கேக்கும்?

உன்ரை அணியிலை வண்டி இருந்தது. வண்டிக்குள்ளை படிச்ச, அனுபவமான ஆள் இருந்தார். அவருக்கும் தெரிஞ்சிருக்கும். இறங்கி உன்னட்டை ஒரு ஊரின்ரை பேரைக் கேக்க அவருக்கு மனம் வரேல்லை.

நீ அவளை நிப்பாட்டினியோ, உன்னை நிப்பாட்டினியோ எண்டு எனக்குத் தெரியாது. எதுவாய் இருந்தாலும் அந்தப் பிள்ளை இண்டைக்கு வீட்டிலை இருந்து உன்னைப் பேசுறாள். பேசட்டும். பேசுறதுக்கு அவளிட்டைத் தலை இருக்கு.

அப்பாவுக்கு என்ரை அன்பைச் சொல்லு. சைக்கிளை வாங்கி ஏத்தினாராமே. அதை வாசிச்சுப்போட்டுத்தான் நான் அழுதனான்.

அக்கா
சுவர்ணா

*

நீர்வேலி
10.10.2024

அன்பின் அக்காவுக்கு,

எல்லாரும் சுகம், இந்த முறை என்னையும் சேத்து எழுதலாம். மழை தொடங்கிவிட்டுது. உங்களுக்குக் கால் உளைவு கூடியிருக்குமே, வெந்நீர் ஒத்தடம் பிடியுங்கோ.

உங்கடை கடிதம் வந்தபிறகு ரெண்டு கிழமை எனக்கு ஒண்டும் எழுத வரேல்லை. பேந்து அணி வேலை. நாலு பேரோடை பயிற்சியை விடாமல் நடத்தினன். குருநகர் போய் ஜெசிதாவின்ரை தாயோடை ரெண்டு தரம் கதைச்சன். அவ இருக்கச் சொல்லித் தேத்தண்ணி தந்தவ. மகள் உள்ளறையிலையிருந்து வெளியிலை வரேல்லை.

போன கிழமை நாங்கள் குலை வெட்டிக்கொண்டு நிக்க, வரம்பாலை நடந்து வந்தாள். கொஞ்ச நேரம் நிண்டு பாத்திட்டு, அப்பா வெட்டின குலையை மற்றப் பக்கம் தூக்கிப் பிடிச்சாள்.

"அண்ணை, அண்டைக்கு நான் அவ்வளவு கத்தினனானோ?" எண்டு கேட்டாள்.

"ஏன், ஞாபகமில்லையோ?"

"பரந்தனுக்குப் பிறகு ஒண்டுமே ஞாபகமில்லை. மற்றவை சொல்லித்தான் எனக்குக் கோவம் வந்தது. நீ வெண்டிருப்பாய், வெண்டிருப்பாய் எண்டு வீடு தேடி வந்து சொல்லுகினம். இப்பதான் போன் பாக்கலாம் எண்டு டொக்டர் விட்டவர். றோட்டிலை ஆரோ எடுத்த வீடியோவைத் தனுசியா காட்டினவள்." அவள் குலையை வைச்சிட்டுக் கையைத் துடைச்சாள். "நான் வந்த வழியே, கிளிநொச்சிப் பக்கம் பாத்துச் சைக்கிளை வைச்சுக்கொண்டு ஏற நிக்கிறன். அது உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"பின்னை ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை? ஊர் உங்களைப் பேசேக்கை சொல்லியிருக்கலாமே."

"சனத்துக்கு முன்னாலை உம்மை அப்பிடிக் காட்ட எனக்கு விருப்பமில்லை."

அவள் குனிஞ்சு காலடியிலை கிடந்த சருகை ஒதுக்கினாள். அப்பாதான், "வந்தது வந்தனி, அந்த மொந்தன் குலையையும் பிடி பிள்ளை," எண்டார். முழுப் பட்டாவையும் ஏத்தி முடிச்சிட்டுத்தான் போனாள். திங்கக்கிழமை விடியப் பயிற்சிக்கு வந்து நிண்டாள்.

என்ரை விசயத்தை அம்மாவுக்கும் சொல்லிப்போட்டன். "எனக்குத் தெரியும்," எண்டா. இந்த வீட்டிலை எல்லாருக்கும் எல்லாம் தெரியும் போலை.

சுபாங்கன்

*

லா கூர்னேவ்
02.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். அம்மாவுக்கு இருமல் எண்டு கேள்விப்பட்டன், கொத்தமல்லி அவிச்சுக் குடு.

ஒரு செய்தி. வாற வருசம் ஆடியிலை, எங்கடை பள்ளிக்கூட விடுமுறைக்கு, நான் வாறன். இருபத்தஞ்சு வருசமாய் ஒவ்வொரு வருசமும் ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டு இருந்திட்டன். விசா, லீவு, அத்தான்ரை வருத்தம். உண்மையாய்ப் பாத்தால் பயம். நான் விட்டுப்போன ஆக்களிலை ஆர் இருக்கினம், ஆர் இல்லை எண்டு வந்து எண்ணப் பயம். உன்ரை கடிதங்களிலை வாற ஆக்கள் எல்லாம் எனக்குப் புது ஆக்கள். அவையைப் பாக்க எனக்குப் பயமில்லை. அதாலை வரலாம் போலை கிடக்கு.

அம்மாவுக்கு நீயே சொல்லு. ஆறுதலாய், இருத்தி வைச்சுச் சொல்லு.

அக்கா
சுவர்ணா

*

நீர்வேலி
18.02.2025

அன்பின் அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். அம்மாவுக்கு இருமல் விட்டிட்டுது. நீங்கள் வாற செய்தி சொன்ன நாள் தொடக்கம் வீட்டை ஒவ்வொரு மூலையாய்க் கழுவுறா. இன்னும் அஞ்சு மாதம் கிடக்கு எண்டாலும் கேக்கிறா இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ரெண்டாவது ஓட்டம். யாழ்ப்பாணத்திலை தொடங்கிப் பருத்தித்துறைக்குப் போய் வாறது, ரெண்டு தரம். எங்கடை நீர்வேலிச் சந்தியாலைதான் போகும். அம்மா அயலட்டைச் சனத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து றோட்டிலை நிண்டா.

என்ரை திட்டம் இதுதான். எல்லாரும் ஒண்டாய் இருக்கிறது, கடைசி அஞ்சு கிலோமீற்றரிலை ஜெசிதாவை முன்னுக்கு விடுறது. வடிவாய்ச் சொல்லிக் குடுத்தனான், எல்லாரும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினவை.

ரெண்டாம் தரம் பருத்தித்துறையிலை திரும்பி, நெல்லியடியும் கடந்து, வல்லை வெளிக்குள்ளை இறங்கினம். வாடைக் காத்து முதுகிலை. ஜெசிதா தனிய வெளிக்கிட்டிட்டாள். இன்னும் எவ்வளவு தூரம் கிடக்கு அக்கா, இது பைத்தியக்கார வேலை. கொழும்பு அணி முழுக்க அவளைத் துரத்தத் தொடங்கிச்சுது. நான் அப்பாவை வேகமாய் ஓடச் சொல்லி, அவளுக்குப் பக்கத்திலை போய்த் தலையை நீட்டினன். "பொறும், இப்ப வேண்டாம், அவையோடை சேரும், பழம் சாப்பிட்டனீரோ, கியரைக் குறையும்," எண்டு எனக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் ஒரே மூச்சிலை கொட்டினன்.

அவள் திரும்பிப் பாத்தாள். கண் தெளிவாய் இருந்தது. முகத்திலை சிரிப்பு.

"அண்ணை, கொஞ்சம் பேசாமல் வாங்கோ," எண்டாள்.

அப்பா சிரிக்கத் தொடங்கினவர், புத்தூர் வருமட்டும் நிப்பாட்டேல்லை. ஸ்ரியறிங்கும் குலுங்குது, நானும் குலுங்கிறன். நான் பேசாமல் இருந்தன்.

பன்னிரண்டு வருசம் நான் ஓட்டத்துக்குள்ளை இருந்தனான் அக்கா. முன்னாலை போறவன்ரை சில்லைத் தவிர வேறை ஒண்டையும் பாத்ததில்லை. அண்டைக்குத்தான் ஒரு ஓட்டத்தை இருந்து பாத்தன். தனிய ஒரு பிள்ளை போகுது, பின்னாலை முப்பது பேர் தங்கடை பலத்தையெல்லாம் செலவழிச்சுக்கொண்டு துரத்துகினம். அந்த முப்பது பேருக்கும் நடுவிலை, ஒருக்காலும் முன்னுக்குப் போய்க் காத்தை வாங்காமல், ஒளிச்சுக்கொண்டு எங்கடை தனுசியா. ஜெசிதா தான் வெல்ல வெளிக்கிடேல்லை எண்டு அப்பதான் எனக்கு விளங்கிச்சுது.

கோப்பாயிலை ஜெசிதாவைப் பிடிச்சிட்டினம். அவள் ஒரு பக்கமாய் ஒதுங்கிக் கையை விரிச்சுக் காட்டினாள். முடிஞ்சுது. பிடிச்சவையும் முடிஞ்சுபோய்த்தான் வந்தினம். முற்றவெளியிலை கடைசித் திருப்பத்திலை தனுசியா வெளிக்கிட்டாள், அவளோடை போக ஒருத்தரின்ரை காலிலையும் பலம் இல்லை. ரெண்டு கையையும் தூக்கத் தெரியாமல், ஒரு கையாலை ஹாண்டிலைப் பிடிச்சுக்கொண்டே முடிவுக் கோட்டைக் கடந்தாள். சுன்னாகச் சந்தையிலை வெங்காயம் விக்கிற அவளின்ரை தேப்பன், சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவருக்குப் பின்னாலை சந்தைச் சனம் பாதி.

ஜெசிதா பதினெட்டாவதாய் வந்து, சைக்கிளைப் போட்டிட்டுப் புல்லிலை படுத்தாள்.

"முதலே முடிவெடுத்தனீங்களோ?" எண்டு கேட்டன்.

"ஓம். நேற்று நாங்கள் அஞ்சு பேரும் இருந்து கதைச்சனாங்கள்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் விடமாட்டியள். நான் வெல்லவேணும் எண்டு உங்களுக்கு ஒரு நினைப்பு, போன முறையைத் திருப்பிக் குடுக்கவேணும் எண்டு. எல்லாருக்கும் அது தெரியும் அண்ணை. கொழும்புக்காரருக்கும் தெரியும். அதாலைதான் என்னைத் துரத்துவினம் எண்டு எங்களுக்கு விளங்கினது."

நான் அவளுக்குப் பக்கத்திலை புல்லிலை இருந்திட்டன். வெக்கமாய் இருக்கவேணும், ஆனால் அக்கா, என்ரை வாழ்க்கையிலை நான் ஓடி வெண்டது மூண்டே மூண்டு ஓட்டம். ஒண்டிலையும் இப்பிடிச் சந்தோசப்பட்டதில்லை.

அடுத்த ஓட்டம் ஆடியிலை, நீங்கள் நிக்கேக்கை. திட்டத்தை அவையே போடட்டும் எண்டு சொல்லிப்போட்டன். பட்டாவிலை அப்பாவுக்கும் எனக்கும் நடுவிலை உங்களுக்கு இடம் வைச்சிருக்கிறம். கொஞ்சம் நெருக்கிக்கொண்டு இருக்கவேணும், வாழைச் சாறு கறை பிடிக்கும், நல்ல சீலை கட்டாதேங்கோ. ஒரு நிபந்தனை மட்டும் இருக்கு. தலையை வெளியிலை நீட்டி ஒருத்தரும் ஒண்டும் சொல்லப்படாது.

அன்புடன்,
உங்கடை தம்பி
சுபாங்கன்